ஒன்றுகூடலுக்கு மேலால் வந்த மஞ்சள் விமானம்

கை எப்படி முறிந்தது என்று கேட்ட எல்லோருக்கும் அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னார். புல் ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது. மருத்துவமனையிலும் அதையே சொன்னார், அதை மருத்துவருக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னவன் நான். உண்மையில் அதற்கு முன் இரண்டு கிழமை மழையே இல்லை. புல் காய்ந்து மொரமொரத்துப் போய்க் கிடந்தது. அக்கா எனக்காகச் சொன்ன பொய் அது என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

கிழமையில் ஐந்து நாளும் நான் ஊரை விட்டு வந்த இந்த நாட்டில், பிறம்ரன் நகரத்தில் தகரம் வளைக்கிறேன். பெரிய கட்டடங்களுக்குள் காற்றுக் கொண்டுபோகும் குழாய்கள் செய்யும் தொழிற்சாலை. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கூரைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பதினாறு வருடத்தில் என் வேலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் மட்டும், நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு சின்ன விமானத்திடலுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு பெரிய கொட்டகையில் இருபது பேர்வரை சம்பளம் வாங்காமல் பழைய யுத்த விமானங்களைத் திருத்திப் பறக்கவிடுகிறார்கள். அநேகமாக எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். போன முதல் நாள் ஒருவர் என்னிடம், துப்புரவு வேலைக்கு வந்தவரா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்குத்தான் ரோசம் கொஞ்சம் கூட. இவர்கள் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை இந்த இடத்தை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

எங்களிடம் இருந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு விமானம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இளம் விமானிகள் பறக்கப் பழகியது. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மூக்கில் பெரிய காற்றாடி. வால்பக்கத் தகடுகள் அரித்துப் போயிருந்தன. அவற்றைக் கழற்றிப் புதிதாக வெட்டி, வளைத்து, ஆணி அறைந்து பொருத்த வேண்டும். அந்த ஆணி அறைவது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிப்பார். மற்றவர் உள்ளே இருந்து அதன் மறுமுனையில் இரும்புக் கட்டியொன்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். என்னைப் போல் ஒல்லியான ஆள் அங்கே வேறு எவரும் இல்லை என்பதால் வாலுக்குள் நுழைகிறவன் எப்போதும் நான்தான். வெளியே நின்று அடித்தவர் எழுபதைத் தாண்டிய முன்னாள் தபால்காரர். உள்ளே இருப்பவனுக்கு வெளியே நிற்பவரின் முகம் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் தகட்டில் தட்டித்தான் பேசுவோம். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரி. மூன்று என்றால் பிழையாகிவிட்டது, ஆணியைக் கழற்று. இப்படி மூன்று குளிர்காலம் போனது. தபால்காரர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லி, இவனைப்போல் தகடு வளைக்கிறவனை நான் கண்டதில்லை என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காருக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

வீட்டில் இது ஒன்றும் தெரியாது. பழைய கார் திருத்தும் கிளப் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. நான் பயந்தது அக்காவுக்கு. அக்கா எங்களோடு ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், ஒரே வீட்டில் இருக்கிறார். வீட்டுக்கு மேலால் சின்ன விமானம் எதுவும் தாழப் போனால், கையில் இருக்கிற அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு, சத்தம் முடியும்வரை அசையாமல் நிற்பார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கறியைக் கிண்டுவார். எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். இது பயிற்சி விமானம், ஒருநாளும் ஒருவர் மேலும் குண்டு போடாதது. ஆனால் ஊரில் யுத்தம் நடந்தபோது எங்கள் மேல் முதன்முதலில் குண்டு போட்டதும் காற்றாடி வைத்த ஒரு சின்னப் பயிற்சி விமானம்தான். அது எனக்குத் தெரியாத விஷயமா? அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்திமூன்று. அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால் என்னைப் பார்த்தது அக்காதான். சத்தம் கேட்டவுடன் என்னைக் குப்புறத் தள்ளி, எனக்கு மேலே தான் படுத்துக்கொள்வார். மூச்சு முட்டுகிறது என்று நான் கத்துவேன். இதையெல்லாம் மறந்துவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு என் மேல் இரக்கம் வரும். நான் மறக்கவில்லை. சனிக்கிழமைகளில் நினைக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஐந்நூறு மணித்தியாலம் வேலை செய்து முடித்தவர் ஒரு இடத்தைச் சொல்லலாம். விமானம் பறக்கும் ஒரு நாளில், அந்த இடத்துக்கு மேலால் ஒரு தடவை வந்து, சிறகை இடமும் வலமும் சரித்துக் காட்டிவிட்டுப் போகும். ஒருவர் தன் தாயார் இருக்கும் முதியோர் இல்லத்தைச் சொன்னார். தபால்காரர் தான் முப்பது வருடம் கடிதம் கொடுத்த தெருவைச் சொன்னார். என் முறை வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல் நடக்கும் பூங்காவைச் சொன்னேன். ஞாயிறு இரண்டு மணி. இவன் தகரக்காரன்தானே என்று நினைக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு நான் ஆறுதலாக எழும்பி, அது என் கையால் செய்தது என்று சொல்ல வேண்டும். அந்தக் காட்சியை மனதுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒருவருக்கும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொன்னால் அதில் என்ன விசேஷம்?

அந்த ஞாயிறு இருநூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். பாதர் செபம் சொல்லித் தொடக்கிவைத்தார். சாக்கோட்டம் முடிந்தது, கயிறிழுத்தல் முடிந்தது. தபால்காரரையும் அவருடைய மனைவியையும் நான் அழைத்திருந்தேன். இருவரையும் மடக்குக் கதிரையில் இருத்தி, கொத்துரொட்டி கொடுத்து, உறைப்புக்குத் தண்ணீரும் கொடுத்து, ஒரு பெரிய மனிதனைப்போல் பக்கத்தில் நின்றேன். தபால்காரர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்து எனக்குக் கண்ணடித்தார். அக்கா முழங்கால் நோவென்று விளையாட்டு ஒன்றுக்கும் போகாமல், நாற்பது ஐம்பது அடி தள்ளி ஒரு மேசையில் வத்தகப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்குப் பெண்களுக்கான சங்கீதக் கதிரை நடந்துகொண்டிருந்தது. பாட்டை நிறுத்தினார்கள். எல்லோரும் கதிரைக்குப் பாய்ந்தார்கள். ஒரே சிரிப்பு. பாட்டு நின்ற அந்த இடைவெளியில் காற்றாடிச் சத்தம் கேட்டது.

விமானம் சட்டம் அனுமதித்த உயரத்தில்தான் வந்தது. அதில் விமானியின் பிழை எள்ளளவும் இல்லை. ஆனால் அந்த விமானத்துக்கு உயரத்தோடு சம்பந்தமில்லாத ஒரு உறுமல் உண்டு. நான் கையைத் தூக்கி ஆட்டினேன். பிறகுதான் கீழே பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப்பேர் நிலத்தில் கிடந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. கதிரைக்குப் போட்டிபோட்ட பெண்கள், ஊரில் குண்டுவீச்சுக்குப் பழகியபடி குப்புறப் படுத்து, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் நிறுத்தியிருந்த ஒரு வானுக்கும் பாதையோர மதகுக்கும் நடுவில் கிடந்தார். இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும், இது என்ன புது விளையாட்டு என்பதுபோல் நின்று போனில் படம் எடுத்தார்கள்.

அக்கா படுக்கவில்லை. முழங்கால் நோவுக்காரி, கத்தியைப் போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடி வந்தார். வந்து என் சேர்ட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"படு தம்பி. வாயைத் திற. படு."

எனக்கு ஐம்பது வயது வரப்போகிறது. பக்கத்தில் தபால்காரரும் மனைவியும் இருக்கிறார்கள். அக்காவை நினைத்து வெட்கப்பட்டேன். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. என்னை வளர்த்த மனிசியை நினைத்து, ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு முன்னால் வெட்கப்பட்டேன்.

"விடுங்கோ அக்கா. உது எங்கட பிளேன். நான் செய்தது," என்று சொல்லி அவருடைய கையைத் தட்டிவிட்டேன்.

பலமாகத் தட்டவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் முழுப் பாரத்தையும் என்னில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தவர். கை விடுபட்டதும் பக்கவாட்டில் போய் விழுந்தார். நான் அவரைத் தூக்கக் குனிவதற்கு முன் செய்த காரியம்தான் என்னால் இன்றுவரை நினைக்கக்கூட முடியாதது. நான் தபால்காரர் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். குறை நினைக்காதீர்கள், இவர்கள் கிராமத்து ஆட்கள், இவர்களுக்கு விமானங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன்.

மேலே விமானம் சிறகை ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் சரித்துவிட்டுப் போனது.

தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, புல்லில் முழங்காலிட்டு அக்காவின் தோளைத் தாங்கிப் பிடித்தார். தன் ஆட்களில் ஒருவரைத் தூக்குவதுபோல் அவ்வளவு பக்குவமாகத் தூக்கினார். புறப்படும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, இவர்களுக்கு முன்பே அறிவித்திருந்தாயா என்று மட்டும் கேட்டார். அறிவித்தேன், மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

அக்காவுக்கு மணிக்கட்டில் முறிவு. கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நான் செய்த விமானம் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். மூன்று நாளாக அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஈரப் புல்லின் கதையைச் சொன்னார்.

புதன்கிழமை சங்கச் செயலாளர் அழைத்தார். அந்த விமானம் எந்தத் திடலில் இருந்து வந்தது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்களாம். சங்கத்தின் பேரில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானமாம். அன்றைக்குப் பிறகு சிலர் நித்திரை கொள்ளவே இல்லையாம். உமக்கென்றால் இங்கிலீசு வடிவாக வரும், ஒருக்கால் எழுதித் தாரும் என்றார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயும் இருந்தது, போனும் கையில் இருந்தது. ஓம் அண்ணை, எழுதுறன் என்றேன்.

பின்னேரம் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, யாரோ ஒரு பொறுப்பில்லாத விமானியைப் பற்றி இரண்டு பந்தி எழுதினேன். நன்றாகத்தான் வந்தது, அதுதான் கேவலம். அக்கா கட்டுப் போட்ட கையை மேசையில் வைத்துக்கொண்டு எதிரில் வந்து இருந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். தனக்கு நடந்ததையும் அதில் போடச் சொன்னார். ஒரு வயசு போன மனிசி தன்ர தம்பியைப் படுக்க வைக்க ஓடினவ எண்டு போடு, விழுந்து கை முறிஞ்சது எண்டும் போடு என்றார். நான் தலையைக் குனிந்து தட்டச்சுச் செய்தேன். முடித்ததும், என் பக்கமாகச் சரிந்து, வீட்டில் வேறு எவருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"நீ என்ர கையைத் தட்டிவிட்டனி எண்டதை மட்டும் போடாத. உன்ர பிளேன்காரர் உன்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

எழுதியிருந்த எல்லாவற்றையும் அழித்தேன். அந்த விமானத்தை அங்கே வரச் சொன்னவன் நான் என்று தொடங்கி, அக்கா போட வேண்டாம் என்றதையும், தபால்காரரிடம் நான் சொன்ன இரண்டு பொய்களையும் எழுதி, சங்கத்தின் பெயருக்குப் பதிலாக என் பெயரைக் கீழே போட்டு, கொட்டகைக்கும் செயலாளருக்கும் ஒன்றாக அனுப்பினேன். அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. திரையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைப் போடேல்லைத்தானே என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். அவருக்கு நிம்மதியாக இருந்தது.