வாரம் ஒரு காது

ஹெப்சிக்குப் பயம் என்பது காய்ச்சல் மாதிரி வந்து போகிற சமாச்சாரம் இல்லை. கூடவே குடியிருக்கிற ஆள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கதவுப் பக்கம் நிற்க மாட்டாள், ஜன்னலோரம் உட்கார மாட்டாள், நடு இருக்கைதான் வேண்டும். செம்பாக்கம் ஏரி ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனதிலிருந்து, செப்டம்பர் பிறந்தால் ஃப்ரிட்ஜைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்துவிடுவாள். கேஸை மூடியாச்சா என்று புருஷனைக் கேட்பாள். அவர் மூடியாச்சு என்பார். இவள் போய் மறுபடியும் மூடிவிட்டு வருவாள். நாற்பத்தாறு வயதில் இது கொஞ்சம் ஓவர் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இப்படிப்பட்டவளைத்தான் காது மிஷின் வைக்கிற இடத்தில் வேலைக்கு எடுத்தார்கள். சாலமோன் சாரின் கிளினிக், ஏரிக்கரைப் பக்கம் மாடியில் ஓர் அறை. சார் செவ்வாயும் வெள்ளியும் வந்து காதுகளைச் சோதித்து, யாருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில், மிஷினை ஒயர் மூலம் ஒரு சின்னப் பெட்டியிலும், பெட்டியைக் கம்ப்யூட்டரிலும் மாட்டி, அந்த அளவுகளை உள்ளே ஏற்றுவது ஹெப்சியின் வேலை. பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு.

ஏற்றும்போது திரையில் ஒரு பச்சைக் கோடு நகரும். அது நூறைத் தொடுவதற்குள் இணைப்பு அறுந்தால் மிஷின் செத்துப்போகலாம். அவள் கையில் ஒன்றுகூடச் செத்ததில்லை. ஆனாலும் ஒரே நாளில் இரண்டு காதுக்கும் ஏற்ற மாட்டாள். இந்த வாரம் இடது, அடுத்த வாரம் வலது. ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சுமே! "பேஜாரா கீதும்மா, இதுக்கு ரெண்டு தபா பஸ் ஏறணுமா?" என்று எத்தனையோ பேர் சலித்துக்கொண்டார்கள். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பச்சைக் கோடு நகர்வதை அவளால் பார்க்க முடியாது. மானிட்டரை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். இரண்டு நிமிஷம் கழித்துப் போட்டுப் பார்த்தால் வேலை முடிந்திருக்கும்.

போன மாதம் ஒரு மின்வெட்டு வந்து போனதில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் புகைந்து நின்றது. சார் புது லேப்டாப் வாங்கினார். ஆனால் பழைய மிஷின்களுக்கான சாஃப்ட்வேர் அதில் ஏறவே இல்லை. செய்த கம்பெனியே இப்போது இல்லை, யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் ஹெப்சியின் தம்பி ஆபேல் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து உட்கார்ந்தான். பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு.

"இது பழைய எக்ஸ்பி விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்க்கா. அதனால உன் பழைய கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்கை அப்படியே எடுத்து இதுக்குள்ள வச்சிட்டேன். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்."

திரையில் ஒரு சின்ன ஜன்னலுக்குள் அவளுடைய பழைய திரை அப்படியே திறந்தது. அவள் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"உள்ள இருக்கிறதுக்கு, தான் இன்னொண்ணுக்குள்ள இருக்கிறது தெரியுமா?"

"தெரியாது. நாமதான் நிஜ கம்ப்யூட்டர்னு நெனைச்சுக்கிட்டு ஓடும்."

"அப்ப வெளிய இருக்கிறது தூங்கிட்டா?"

"நீ விட்டு வச்சா எத்தனை மணி நேரமானாலும் தூங்காது. செட்டிங்க மாத்திட்டேன். பயப்படாதக்கா." உலகத்தில் எல்லாரும் அவளிடம் சொல்கிற ஒரே வார்த்தையை அவனும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

புதன்கிழமை காலை கோகிலவாணி வந்தாள். பம்மலில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறவள், முப்பது வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது காது மொத்தமாகப் போயிற்று. இடது காதில் இந்தப் பழைய மிஷின். புதுசு இரண்டு மூன்று வைத்துப் பார்த்தும் அவற்றில் அவளுக்குப் பேச்சு பிடிபடவே இல்லை.

"ப்ளேன் போச்சுன்னா காதுல கம்பி வுட்டு குத்தற மாதிரி கீதுக்கா. எங்க கடைக்கு மேலயேதான் எல்லாம் போவுது. கொறைச்சுக் குடுங்க."

சார் அளவு எழுதி வைத்திருந்தார். எல்லாம் சரி, ஆனால் வாரம் ஒரு காது என்று சொல்ல இவளுக்கு இன்னொரு காது இல்லை. மருந்துப் பெயர் ஒன்று தப்பாகக் காதில் விழுந்தாலே கடையில் நிற்க முடியாது. ஒன்றுமே விழாவிட்டால்?

அவள் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த மிஷினை ஹெப்சி பெட்டியில் மாட்டினாள். உள் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டது. பட்டனை அழுத்தினாள். கோடு நகரத் தொடங்கியது. கை தானாக மானிட்டர் சுவிட்சைத் தேடியது. லேப்டாப்பில் அது ஏது? மூடியைப் பிடித்து மெல்லக் கீழே சாய்த்தாள், கண்ணை மூடினாள்.

ஜெபத்தின் நடுவில்தான் கவனித்தாள், லேப்டாப்பின் காற்றாடிச் சத்தம் நின்றிருந்தது.

மூடியைத் திறந்தபோது பாஸ்வேர்டு கேட்டது. அடித்தாள். உள் ஜன்னலில் கோடு அறுபத்து மூன்றில் நின்றிருக்க, அதன் மேல் சிவப்புக் கட்டம்: இணைப்பு இல்லை. மூடியைச் சாத்தி லேப்டாப்பைத் தூங்க வைத்தது வேறு யாருமில்லை. அவளேதான்.

மிஷினைக் கழற்றிப் பேட்டரி போட்டு உள்ளங்கையில் பொத்தினாள். உயிருள்ள மிஷின் என்றால் பொத்தின கைக்குள் கீச்சென்று விசிலடிக்கும். அடிக்கவில்லை. மறுபடி பொத்தினாள். இல்லை. அப்போது தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று மாடிக்கு மேலேயே உறுமிக்கொண்டு போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிரே கோகிலவாணி கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம் அவளைத் தொடவே இல்லை. ஹெப்சி இத்தனை வருஷமாகப் பயந்தாளே, அது இதற்குத்தான் போலும்.

ஆபேலுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "உள்ள இருக்கிறதை ஆஃப் பண்ணிடாத. மேல யூஎஸ்பி மெனுவுல அந்தப் பெட்டி பேருக்கு நேரா டிக் போயிருக்கும், மறுபடி போடு. திரும்ப ஏத்திப் பாரு. மிஷின் பொழைக்குமான்னு எனக்குத் தெரியலக்கா" என்றான்.

மிஷினை மறுபடி ஒயரில் மாட்டி, டிக் போட்டாள். பெட்டி மறுபடி இணைந்தது. மிஷின் வெறுமையாக இருக்கிறது, மறுபடி ஏற்றலாமா என்று சாஃப்ட்வேர் கேட்டது. ஹெப்சியின் விரல் பட்டனுக்குப் போகவில்லை. யாருக்குக் கேட்கப் போகிறது என்கிற தைரியத்தில், எதிரே இருந்தவளைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

"நான்தாம்மா மூடினேன். பார்க்கப் பயந்துகிட்டு மூடிட்டேன். உன் காதை நானே கெடுத்துட்டேன்."

"எதுக்கு மூடினீங்க?" என்று கோகிலவாணி கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அறையே அதிர்கிற குரல். ஹெப்சி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "வாயப் பாத்தாலே எனக்குப் புரியும்க்கா. ஆறு வயசுலர்ந்து பாத்துகினு கீறேன்!"

ஹெப்சி அழுதுவிட்டாள். கோகிலவாணி அதைப் பார்த்தாள். எழுந்து வந்து நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். லேப்டாப் மூடிக்குப் பின்னால் இரண்டு கையையும் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டன அமுக்குங்க. அப்புறம் நீங்க கண்ண மூடிக்கோங்க. நான் பாத்துச் சொல்றேன்."

ஹெப்சி அமுக்கினாள், கண்ணை மூடினாள். ஜெபம் வரவில்லை. வார்த்தையே மறந்துவிட்டது.

"பத்து!" என்றது குரல். "இருவது!" கீழே தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். நாற்பத்தைந்து. அறுபது. அறுபதுக்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. ஹெப்சி மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எழுவது!" அதன் பிறகு எண்கள் ஓடி வந்தன. "நூறு!"

பேட்டரி மூடி சாத்தும் சின்னச் சத்தம். எங்கேயோ ஒரு கீச்சு. விசில்தானா, தெருவில் போன ஆட்டோவா? கண்ணைத் திறக்க ஹெப்சிக்குத் துணிச்சல் வரவில்லை.

"அக்கா, கண்ணத் தொறங்க" என்றாள் கோகிலவாணி. பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத அளவுக்கு, மெதுவாக.