வேலியில் கட்டிய குழை

லண்டனை விட்டு ஊரோடு வந்துவிட்ட என் அக்கா கூடவே கொண்டுவந்த நாய், பெட்லிங்டன் டெரியர் இனம். உடம்பெல்லாம் சுருண்ட வெள்ளை மயிர், வளைந்த முதுகு, தொங்கும் காதுகளின் நுனியில் குஞ்சம். பார்த்தால் அசல் செம்மறிக்குட்டி. எங்கள் பேசாலை ஒழுங்கையில் அதை நாயென்று ஒருவரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டு மாமி, ஆட்டுக்குக் கட்டுவதுபோல் தினமும் எங்கள் வேலியில் பூவரசங்குழை கட்டிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாமி, இது நாய்! இறைச்சி தின்னுறது!"

"பகிடி விடாத பிள்ளை. பசியில நிக்குது, பாவம்."

நாயும் வெட்கமில்லாமல் குழையை முகர்ந்து வாலாட்டும்.

சித்திரை வெயிலில் அதற்கு மூச்சிரைத்தது. அக்கா மயிரை ஒட்ட வெட்டிவிட்டாள். மறுநாள் குழையோடு வந்த மாமி, எலும்பும் தோலுமாக ஒரு தெருநாய் நிற்பதாக நினைத்துத் தடியை ஓங்கினார். அது ஓடவில்லை. வழக்கமாகக் குழை கட்டும் வேலிக் கதியாலடியில் போய் நின்று அவரைப் பார்த்து வாலாட்டியது. மாமியின் கை மெல்ல இறங்கியது. என் முகத்தைப் பார்க்காமலே குழையைத் திருப்பிக் கொண்டுபோனார்.

அடுத்த நாள் காலை அந்தக் கதியாலடியில் ஒரு சிரட்டை இருந்தது. அதற்குள், அவித்து முள்ளெடுத்த சூடைமீன்.