இடக்கைக்கு ஒரு கேமரா

கேமரா வாங்குவதற்காகத் தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். எதற்கும் நோட்டுப் போடுகிற ஆள் நான். அலுவலகத்தில் என் வேலையே அளவைக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான். அழுத்தமானி காட்டுகிற எண் சரியா, வெப்பமானி அரை டிகிரி கூட்டிச் சொல்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். நாளெல்லாம் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு, கட்டம் போடாமல் ஒரு பொருளை வாங்க மனம் வராது.

கேமரா என் மனைவிக்கு. நாற்பத்தொன்பது வயதுவரை அவள் கேமராவைத் தொட்டதில்லை. ஆசைப்பட்டதும் இல்லை.

அதற்கு முந்தைய ஆடி மாதத்தில் ஒரு காலை, இட்லிப் பானையை இறக்கப் போனவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கவாதம். செங்கல்பட்டு மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்தோம். கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை. பேச்சும் பாதிதான் திரும்பியது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், சொல்ல வேண்டியதும் தெரியும். பொருளின் பெயர் மட்டும் வாய்க்கு வராது. எழுத்தும் அப்படியே, பார்த்தால் கோடுகளாகத் தெரிகிறது போலிருக்கிறது. ஏங்க, இல்ல, போதும், தெரியும், அதான், போங்க. அவளிடம் தங்கிய சொற்களை அன்றைய நாட்குறிப்பில் இப்படி வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊழியர் குடியிருப்பில் எங்கள் வீடு. அவளை அழைத்து வருவதற்கு முதல் நாள் வீட்டைத் தயார் செய்தேன். கால்மிதிகளை எடுத்தேன். குளியலறைச் சுவரில் கைப்பிடிக் குழாய் பொருத்தினேன். உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடியாதே என்று தாழ்ப்பாளைக் கழற்றினேன். திருகாணித் துளைகளை மக்கு வைத்து அடைத்து வெள்ளைப் பெயின்டும் அடித்தேன். செய்வதைச் சுத்தமாகச் செய்தோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

வந்த இரண்டாம் வாரத்திலிருந்து அவள் ஏதோ ஒன்றைக் கேட்க ஆரம்பித்தாள். பெரும்பாலும் சாயங்காலத்தில். இடக்கையைக் காற்றில் பக்கவாட்டாக இழுப்பாள். "அது... அது..." என்பாள். நான் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். திரைச்சீலையை இழுத்தேன். மேசை இழுப்பறையை அப்படியே கழற்றி மடியில் வைத்தேன். சீப்பு, வாளி, காய்கறி சீவுகிற கட்டை. எல்லாவற்றுக்கும் "இல்ல". சில நாள் வாசல் கதவைக் காட்டுவாள். வெளியே போக வேண்டும் போல என்று நினைத்துச் செருப்பை எடுத்துவருவேன். அதனாலேயே எங்கள் நடை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆனது. சில நாள் குளியலறையைக் காட்டுவாள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே நிற்பேன். நிமிடத்துக்கு ஒருமுறை "ஆச்சா?" என்பேன். திரும்பி வரும்போது அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

ஐந்து மாதத்தில் இருபத்தாறு பொருள்களைக் காட்டியிருக்கிறேன். பட்டியல் இருக்கிறது. இருபத்தாறும் தவறு.

வாரத்துக்கு ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குச் செங்கல்பட்டு போவோம். பயிற்சி தரும் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுகூட இருக்காது. வீட்டுப் பொருள்களைப் படம் பிடித்து ஒரு புத்தகம் மாதிரி செய்தால், வேண்டியதைத் தொட்டுக் காட்டுவார்கள் என்று அவர்தான் சொன்னார். என் ஃபோனில் நாற்பது படம் எடுத்தேன். டம்ளர், தட்டு, போர்வை, மாத்திரை டப்பா, எல்லாம் வெள்ளைத் துணி விரித்து, நேராக வைத்து. அச்சிட்டு, அகரவரிசைப்படி கோத்தும் கொடுத்தேன். என் மனைவி கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். அடுத்த வாரம் அதைப் பயிற்சியாளரிடம் காட்டி வருத்தப்பட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்.

"அவங்க என்ன கேக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இந்த புக்கே வேணாமே சார். அவங்களே எடுக்கட்டும்."

முதலில் என் ஃபோனையே கொடுத்துப் பார்த்தேன். ஒரு கையால் பிடித்து அதே கையால் திரையைத் தொடுவது அவளுக்கு ஆகவில்லை. வழவழவென்று வழுக்கியது. தொட்ட இடத்தில் ஏதோ திறந்துகொண்டது, ஒருமுறை என் மேலதிகாரிக்கு அழைப்பே போய்விட்டது. இரண்டாம் முறை கீழே விழுந்து கண்ணாடியில் விரிசல் விழுந்ததும் அவள், "போதும்" என்றாள். அழுத்தினால் படம் எடுக்க வேண்டும், வேறெதுவும் செய்யக் கூடாது. அப்படி ஒன்று வேண்டும் என்று அன்றிரவு நோட்டில் முதல் வரி எழுதினேன்.

பிறகு கட்டங்கள். எடை. பொத்தானின் அளவு. திரையின் அகலம். கை நடுங்கினாலும் படம் கலங்காமலிருக்கும் வசதி உண்டா. லென்ஸ் தானாக மூடிக்கொள்ளுமா, தனி மூடியா. தனி மூடியைக் கழற்ற இரண்டு கை வேண்டும். மணிக்கட்டில் மாட்டக் கயிறு உண்டா. இப்படிப் பதினொரு கட்டம். கடைசிக் கட்டம் விலை, பத்தாயிரத்துக்குள். எடை விஷயத்தில் ஊகம் வேண்டாம் என்று அரிசி மாவை நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றைம்பது, முந்நூறு கிராமாக நிறுத்து, கேமரா அளவுக்குப் பொட்டலம் கட்டி, அவளைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். இருநூறுவரை கை நடுங்கவில்லை. நான்கு நாள் தொடர்ந்து பார்த்தும் அதே முடிவு.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு அருகில் பாஸ்போர்ட் படமும் லேமினேஷனும் செய்யும் ஒரு பாய் கடை இருக்கிறது. கண்ணாடி அலமாரியில் பழைய டிஜிட்டல் கேமராக்கள் சில வைத்திருந்தார். என் நோட்டை வாங்கி முழுவதும் படித்தார். படிக்காமல் ஏதாவது ஒன்றைத் தலையில் கட்டியிருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இது ஆன் ஆகவே நேரமாகும், இதற்குப் பேட்டரி கிடைக்காது, இது தேவைக்கு மேல் பெரிசு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஃபோன் வந்தப்புறம் இத்த யாரும் கேக்கல சார். இப்பதான் காலேஜ் பொண்ணுங்க திரும்பவும் தேடிகினு வராங்க. அதான் வெலய கொஞ்சம் ஏத்திட்டானுங்க" என்றவர், கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்றை என் முன்னால் வைத்தார். நூற்றெண்பத்தைந்து கிராம். பதினொரு கட்டத்திலும் சரி போட்டேன். கேட்காமலேயே லென்ஸைத் துடைத்து, ஒரு மெமரி கார்டும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவள் இடக்கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆள்காட்டி விரல் மேல்விளிம்பில் அங்குமிங்கும் தேடியது. பிறகு கேமராவை மடியில் வைத்துவிட்டாள்.

பொத்தான் வலப்பக்கம் இருந்தது.

எல்லா கேமராவிலும் வலப்பக்கம்தான் இருக்கும். பதினொரு கட்டம் போட்ட நான் எந்தக் கை என்று ஒரு கட்டம் போடவில்லை. நான்கு நாள் அவள் இடக்கையில் மாவுப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தவனுக்கு அது தோன்றவே இல்லை. பொட்டலத்துக்கு ஏது பொத்தான்?

மறுநாளே அவளையும் அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் கடைக்குப் போனேன். திருப்பித் தருவதற்குத்தான். விஷயத்தைச் சொன்னதும் பாய் கேமராவைக் கையில் வாங்கிப் பொத்தானைப் பார்த்தார். "லெஃப்ட் ஹேண்டுக்குன்னு கம்பெனிக்காரன் செய்யவே மாட்டான் சார். நானும் இத்தினி வருசமா வித்துகினு கீறேன், எனக்கும் தோணலியே" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றும் அவரே சொன்னார். ஸ்டாண்டில் மாட்டி, தனியாக ஒயர் இழுத்து அழுத்துவது பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குள் என் மனைவி மேசையிலிருந்து கேமராவை எடுத்திருந்தாள். அதைத் தலைகீழாகத் திருப்பினாள். மேலே வலப்பக்கம் இருந்த பொத்தான் கீழே இடப்பக்கம் வந்துவிட்டது, அவள் கட்டைவிரலுக்கு நேராக. வலப்பக்கம் தொங்கிய கயிறும் இடப்பக்கம் வந்துவிட்டது. எங்கள் இருவரையும் பார்த்தபடி அழுத்தினாள். கிளிக் என்றது.

"அதான்" என்றாள்.

பாய் கல்லாப் பெட்டியை மூடினார். "அவ்ளோதான் சார். வித்த பொருளு இனிமே திரும்பி வராது."

படம் தலைகீழாக வருமே என்று எனக்கு ஒரு கவலை. இல்லை. கேமராவோடு திரையும் சேர்ந்துதானே திரும்புகிறது, அதனால் தெரிகிற காட்சி நேராகவே தெரிந்தது. திரையின் ஓரத்தில் உள்ள எழுத்துகள் மட்டும் தலைகீழ். எழுத்துகள் அவளுக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். அச்சிட்டால் தாளைத் திருப்பிக்கொண்டால் போதும். அந்த முதல் படத்தில் நானும் பாயும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம், வெளிச்சத்தில் பழகட்டும் என்று. கறுப்புக் கண்ணாடி விற்கிற இளைஞன் ஒருவன் அவள் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"யக்கா, கேமரா தலகீழா கீது."

"தெரியும்" என்றாள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பி, "தெரிஞ்சேதான் அப்டி புடிச்சிகினு கீறாங்களாம் மச்சான்" என்றான். என் மனைவி சிரித்ததில் அந்தப் படம் கலங்கிவிட்டது. கலங்கிய படத்தையும் வைத்திருக்கிறேன்.

முதல் வாரத்தில் எழுபத்தொரு படம் எடுத்தாள். என் வெள்ளைத் துணிப் படங்கள் போல ஒன்றுகூட இல்லை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பை எடுத்திருந்தாள், அது அடுப்பில் நுரை கட்டியிருக்கும்போது. அன்று ரசம் வைக்கச் சொல்கிறாள் என்று புரிந்தது. என் மூக்குக்கண்ணாடி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருப்பதை எடுத்திருந்தாள். நான் அதை அரைமணி நேரம் தேடியிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க." கேமராத் திரையில் எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாள், திரை நிறைய. நான் செருப்பை எடுக்க எழுந்தேன்.

"இல்ல."

உட்கார்ந்தேன். கட்டைவிரலால் அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அதில் ஒன்றுமே இல்லை. வெள்ளை, அவ்வளவுதான். தவறி அழுத்திய படம் என்று நினைத்தேன். அவள் மறுபடி தாழ்ப்பாளுக்குப் போனாள். மறுபடி வெள்ளை. தாழ்ப்பாள். வெள்ளை. நான்காவது தடவைதான் கவனித்தேன், அந்த வெள்ளைக்குள் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக, ஒரு விரல் நீளத்துக்குப் பட்டை தெரிந்தது. நான் மக்கு வைத்து அடித்த பெயின்ட். குளியலறைக் கதவின் உள்பக்கம்.

அவளுடைய கை காற்றில் இழுத்தது இஸ்திரிப் பெட்டியை அல்ல, ஜன்னலை அல்ல. வாசல் கதவைக் காட்டியபோது வெளியே போகக் கேட்கவில்லை. குளியலறையைக் காட்டியபோது போக வேண்டும் என்று கேட்கவில்லை. மருத்துவமனையில் பதினெட்டு நாள், வீட்டில் ஐந்து மாதம். மூடிய கதவுக்குப் பின்னால் அவள் ஒரு நிமிடமும் தனியாக இருந்ததில்லை. வெளியே நின்று "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

கழற்றிய தாழ்ப்பாளைத் தேதி எழுதிய உறையில் நான்கு திருகாணிகளோடு வைத்திருந்தேன். கொண்டுவந்து கட்டிலில் கொட்டினேன். அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். "அதான்" என்றாள்.

தாழ்ப்பாளைத் திரும்பப் போடலாமா என்று பயிற்சியாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அவசரமென்றால் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி ஒன்று போடுங்கள், தாழிட்டுக்கொள்கிற உரிமையை அவர்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள் என்றார். வெளிப்பக்கம் ஒரு பள்ளம் இருந்து, அதில் நாணயத்தை வைத்துத் திருகினால் திறக்கிற வகை திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. பொருத்துவதற்கு முன் அவளை உள்ளே நிற்கவைத்து, இடக்கை எங்கே எளிதாகப் போகிறது என்று மூன்று உயரத்தில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். நடுக்கோட்டைத் தொட்டாள். அங்கேயே துளை போட்டேன். பிறகு கேமரா நோட்டை எடுத்து, பன்னிரண்டாவது கட்டம் வரைந்து, 'எந்தக் கை' என்று தலைப்பிட்டேன்.

இவர்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாய்க்கு அந்த முதல் படத்தை அச்சிட்டுக் கொடுத்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார். பயிற்சியாளரிடம் தாழ்ப்பாள் படத்தையும் வெள்ளைப் படத்தையும் காட்டினேன். இரண்டு படம் சேர்ந்தால் ஒரு வாக்கியம் சார் என்றார்.

புதுத் தாழ்ப்பாள் பொருத்திய அன்று மாலை, அவள் தானாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கதவு மூடியது. உள்ளே இரும்பு நகர்கிற சத்தம் கேட்டது. சட்டைப் பையில் நாணயம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, பழக்கத்தில் அங்கேயே நின்றேன். ஒரு நிமிடம் ஆனது. கேட்கக் கூடாது என்று நினைத்தும் வாய் கேட்டுவிட்டது. "ஆச்சா?"

"போங்க" என்றாள் உள்ளேயிருந்து.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.