ஐந்தாம் மாடி அரசாங்கம்

கோப்பித் தட்டுத் தூக்குகிறவனுக்கும் காது இருக்கும் என்று எந்த அரசரும் நினைப்பதில்லை. தட்டுத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஜெனீவாவில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில், இலங்கையிலிருந்து அகதியாக வந்த எனக்கு அந்த வேலை. கோடையில் ஓர் அரபு அரசர் வந்து ஐந்தாம் மாடி முழுவதையும் எடுத்துத் தங்குவார்.

சுவரோரம் நாற்காலிகள்

அவர் வந்தால் கூடத்து மேசைகளை அகற்றி, நாலு சுவரோரமும் நாற்காலி போட வேண்டும். ஏலக்காய் வாசம் மாடியெல்லாம் பரவும். யன்னலுக்கு வெளியே ஏரி பனிப்புகாருக்குள் கிடக்கும். எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகும். வெள்ளிக்கிழமைகளில் இங்கே படிக்கவும் வைத்தியத்துக்கும் வந்த அவருடைய குடிமக்கள் ஒவ்வொருவராக வந்து, தோளில் முத்தமிட்டு, குறையைச் சொல்லி மனுவை நீட்டுவார்கள். அவர் அதை முழங்காலில் வைத்தே கையெழுத்துப் போடுவார்.

அரசருக்குக் கோப்பி ஊற்றுகிற சாலிமிடம், உங்கள் நாட்டில் பாராளுமன்றம் இல்லையா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் நாற்காலிகளைக் காட்டினான்.

"இதுதான். கதவு எப்பவும் திறந்திருக்கும். வாக்குப்பெட்டி மட்டும் இல்லை."

பேரீச்சம்பழப் பெட்டி

இந்த நாட்டு அரசருக்கு அன்பளிப்பாக ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்ப வேண்டும், பெயர் என்ன என்று சாலிம் ஒருநாள் கேட்டான். நான் எங்கள் மேற்பார்வையாளரிடம் போனேன். பிறந்ததே ஜெனீவாவில்தான் அந்த மனிதர். நெற்றியைத் தடவினார், சமையலறைக்குப் போன் போட்டார். அங்கிருந்து மூன்று பெயர்கள் வந்தன. அரசர் இல்லை, ஆளுகிற மந்திரிகள் மொத்தம் ஏழு பேர், தலைமைப் பதவி வருடத்துக்கு ஒருவருக்குப் போகும், இந்த வருடம் யாரென்று தெரியவில்லை என்றார். நான் போய் அப்படியே சொன்னேன். சாலிமுக்கு முகம் வாடிவிட்டது.

"பாவம், இந்தச் சனத்தைப் பார்க்க ஆளில்லையா?"

நெகட்டிவ்

அந்தக் கிழமைதான் தலைநகர் பேர்னிலிருந்து எனக்கு நெகட்டிவ் வந்தது. அகதி விண்ணப்பம் நிராகரிப்பு, நாட்டைவிட்டு வெளியேறு என்று இரண்டு பக்கம். கீழே யாரோ கிறுக்கிய கையெழுத்து. கோப்பை கழுவுகிற மன்னார் சூசை அண்ணையிடம் காட்டினேன்.

"மேல கொண்டுபோய்க் குடுத்துப் பாரும் தம்பி. ஏலாது எண்டாலும் ஒரு ராசா சொன்னதா இருக்குமே."

முழங்கால் மேல் தட்டு

வெள்ளிக்கிழமை வரிசையின் கடைசியில், தட்டும் கையுமாக நின்றேன். அரசர் நாற்காலியைக் காட்டினார். விருந்தினர் மட்டும் அமர்ந்த நாற்காலியில், தட்டை முழங்கால் மேல் வைத்தபடி அமர்ந்தேன். சாலிம் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினான். ஊர், குண்டுவீச்சு, காணாமற்போன தம்பி, எல்லாவற்றையும் சாலிம் மொழிபெயர்க்க அவர் கேட்டார். அவசரப்படவேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பேனாவை எடுத்தார், கடிதத்தை நெடுநேரம் பார்த்தார், பேனாவை மூடினார்.

"மகனே, இங்கே நானும் விசாவில் வந்தவன்தான். எனக்கும் மூன்று மாதம்தான்."

மேன்முறையீடு செய்து இரண்டு வருடம் கழித்து எனக்கு விசா தந்த அரசாங்கத்தின் முகத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. முகம் கொடுத்துக் கேட்ட அரசாங்கத்தால் ஒரு கோப்பை கோப்பிதான் தர முடிந்தது.