அப்பாவின் சவரக்கத்திக்கு ஆணி தேடியது

அப்பா புல்மோட்டைக்கு மணல் வேலைக்குப் போன பிறகும் அவருடைய சவரக்கத்தி எங்கள் அலுமாரியிலேயே கிடந்தது. அவருடைய தகப்பனார் வைத்திருந்த கத்தி அது. அலகுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொம்புப் பிடியின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்திருந்த ஆணிகள்தான் உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்தன. திறந்தால் அலகு தனியாகக் கையோடு வந்துவிடும்.

முதலில் சனிக்கிழமைதோறும் வந்த அப்பா, பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு வரவேயில்லை. அங்கே வேலை கடுமை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நானும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் அம்மா அந்தக் கத்தியைத் துணியில் சுற்றி, துறைமுகத்தில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்த மாமாவிடம் கொடுத்தார். மாமா அதை விரித்துப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப ஏனக்கா இதுக்கு மினக்கெடுறீங்கள்?"

"உடைஞ்சபடி கிடக்கக் கூடாது. ஏலுமெண்டால் செய்து தா."

அப்பா வரப்போகிறார் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மாமா ஆணி தேடிப் போன இடமெல்லாம் சைக்கிள் பாரில் ஏறிக் குந்திக்கொண்டு நானும் போனேன். படகு கட்டுமிடத்தில் கொடுத்த செப்பாணி, பிடியின் துளைக்குள் நுழையாத தடிப்பு. மணிக்கூடு திருத்துகிறவரிடம் இருந்ததோ மயிர்போல மெல்லிசு. கடைசியில் ரேடியோ திருத்தும் கடைக்காரர் ஒரு பித்தளைக் கம்பித் துண்டைக் கிளறி எடுத்துத் தந்தார். அதை வெட்டி ஆணியாக்கலாம். ஆனால் கொம்பு வெடிக்காமல் ஆணித்தலைக்கு அடியில் வைக்கும் வாசர், பயறளவு வளையம், அது எங்கும் கிடைக்கவில்லை. நான் கோயில் வீதியில் சோடா மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டினேன். மாமா சிரிக்கவில்லை. "பாப்பம் பிள்ளை" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரம் அம்மா தன் நகைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கலியாணத்துக்கு அப்பா வீட்டார் கொடுத்த மரப்பெட்டி. மூடியைச் சுற்றி, சின்னச் சின்னப் பித்தளை வாசர் வைத்து அலங்காரமாக ஆணி அடித்திருந்தது.

"இதில கழட்டு."

"பெட்டி பழுதாப் போகும், அக்கா."

"அதுக்குள்ள இப்ப என்ன கிடக்கு? கழட்டு."

மாமா குசினி வாசலில் குந்தியிருந்து, ஆணியைக் கோத்து, இருபுறமும் வாசர் வைத்து, சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார்.  முடிந்ததும் அம்மாவே வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார். அலகு ஆடவில்லை.

"அப்பா எப்ப வாறார்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு மாமா புல்மோட்டைக்குப் போறார்" என்றார் அம்மா.

அப்பாவைக் கூட்டிவரத்தான் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் பஸ் நிலையம் வரை கூடப் போனேன். மாமாவின் பையில் கத்தியோடு அப்பாவின் சாரங்களும் சட்டைகளும் இருந்தன. "கெதியா வரச் சொல்லுங்கோ!" என்று பஸ் ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

பின்னேரம் அவர் தனியாகத்தான் வந்தார்.

"வாங்கினவரோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம். ஒண்டும் கதைக்கேல்ல."

 அடுத்த பஸ்ஸில் அப்பா வருவார் என்று நான் வாசல் படலையடியில் போய் நின்றேன். அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்ததும், அவருடையது எதையும் குறையாக வைத்திராமல் அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டதும் அப்போது எனக்குத் தெரியாது. விளக்கேற்றும் நேரமாகியும் அம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. வெளியே வந்து, கொஞ்சநேரம் பக்கத்தில் நின்றார். அவரும் பஸ்ஸைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.