வள்ளித்தாய் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்

எழுபதுகளில் தென்காசி வட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களுக்கு ஆர்கெஸ்ட்ரா பேச வருகிறவர்கள், மூசாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: "ஆர்கன் வாசிக்க அந்தப் பொம்பள வருவாள்லா?"

அந்தப் பெண் குத்துக்கல்வலசை ஊரைச் சேர்ந்த வள்ளித்தாய். நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்த அப்பாவைக் கேட்டுக் கேட்டே பழகியவள். மூசா கிடார் வாசித்துக்கொண்டு குழுவை நடத்தி வந்தார். கல்யாணமான பெண்ணை மேடையேற்ற வேண்டுமே என்று அவள் கணவன் பரமசிவனிடம் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தார்.

"அவ வாசிக்கட்டும் அண்ணாச்சி. நானும் கூட வாரேன்" என்றான் பரமசிவன். சொன்னபடியே வந்தான். வயர் சுற்றினான், ஸ்பீக்கர் தூக்கினான். ஆர்கனில் வள்ளித்தாயின் வலது கை ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவே இளவட்டங்கள் முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். அது அவளுக்கும் தெரியும். வேகமான பாட்டு வந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள்.

எழுபத்தொன்பதில் புனலூரில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது, ஆரியங்காவு மலைப்பாதையின் வளைவொன்றில் குழுவின் வேன் கவிழ்ந்தது. யார் உயிருக்கும் சேதமில்லை. வள்ளித்தாயின் வலது மணிக்கட்டு மட்டும் நொறுங்கிவிட்டது. எலும்பு கூடியது, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. குடத்தைத் தாங்கலாம், வாளியைத் தூக்கலாம். ஆர்கன் கட்டையைத் தொட முடியாது. வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி மூசாவிடம் அவளே சொல்லி அனுப்பினாள்.

பிறகு பரமசிவன் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட் கடை வைத்தான். கேட்கிறவர்களுக்கு வேண்டிய பாட்டுகளைக் காலிக் கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. வள்ளித்தாய் அங்கே உட்கார்ந்தாள். ஆள் வராத மதியங்களில் பழைய ஆர்கனைத் திறந்து, அதுவரை இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கிக் கார்டு பிடிக்க மட்டுமே தெரிந்த இடது கையை மெட்டு வாசிக்கப் பழக்கினாள். சொந்த மெட்டுகளும் வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் டிரம்ஸ் எங்கே விழ வேண்டும், புல்லாங்குழல் எங்கே நுழைய வேண்டும் என்பது வரை அவள் தலைக்குள் கேட்டது. இடது கைக்கு எல்லாம் வந்தது, வேகம் மட்டும் வரவில்லை. ஒரு நாள் மெதுவாக வாசித்து டேப்பில் பதிந்து, டேப்பை வேகமாக ஓட்டிப் பார்த்தாள். வேகத்தோடு சுருதியும் ஏறி, எலி கீச்சிடுவதுபோலக் கேட்டது. பரமசிவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே அந்த டேப்பை அழித்தாள்.

எண்பத்தேழில், குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த சமயம், சிங்கப்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த தம்பி தாணு லீவில் வந்தான். அக்காவின் மெட்டுகளைக் கேட்டவன், "இப்பம்லாம் அங்கன வீட்டுலயே கம்ப்யூட்டர வச்சு மியூசிக் போடுதானுவ. பொங்கலுக்கு வரும்போது ஒண்ணு கொண்டாரட்டா?" என்றான்.

கடையில் இருந்த மூசாவுக்கு அது பிடிக்கவில்லை. "கம்ப்யூட்டர் கணக்குப் போடுத சாமான்லா? தங்கச்சிக்கு நாலு டிராக் டேப் மெஷின் வாங்கிக் குடு. ஒண்ணு மேல ஒண்ணா நாலு தடவ பதியலாம். ஸ்டுடியோக்காரன் பூரா அதத்தான் வச்சிருக்கான்."

"ரெண்டையும் கண்ணால பாக்காம நான் எதயும் சொல்ல மாட்டேன்" என்றாள் வள்ளித்தாய்.

திருவனந்தபுரத்தில் மூசாவின் சிநேகிதர் ராஜப்பன் வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். இரண்டும் அங்கே இருந்தன. மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். வேன் கவிழ்ந்த வளைவு நெருங்கியபோது மூசா பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வள்ளித்தாய் தாணுவிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்: "அதுல தப்பா வாசிச்சிட்டா முழுசையும் திருப்பி வாசிக்கணுமா, தப்ப மட்டும் மாத்தலாமா?"

ராஜப்பன் முதலில் டேப் மெஷினைக் காட்டினார். சத்தம் அத்தனை சுத்தம். மூசாவின் முகம் மலர்ந்தது. அடுத்து கீபோர்டிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருகிவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "இது சத்தம் பிடிக்கில்ல சேச்சி. எந்தக் கட்டை, எப்போ, எத்தனை நேரம் அமுக்கின்னு, அது மாத்திரம் ஓர்மை வைக்கும். பின்னெ கீபோர்டுக்குச் சொல்லி வாசிக்க வைக்கும்."

"அப்பம் என் தொண்டையில பாடினா?"

"அது பதியாது."

"பாத்தியா" என்றார் மூசா.

வள்ளித்தாய் அவரைப் பார்க்கவில்லை. "நான் மெதுவா வாசிக்கேன். அத வேகமா ஓட்டுனா சுருதி ஏறுமா?"

ராஜப்பன் புன்னகைத்தார். "சேச்சி வாசிச்சு நோக்கு."

அவள் இடது கையால் தன் மெட்டு ஒன்றை, நடை பழகும் பிள்ளைபோல ஒவ்வொரு சுரமாக வைத்து வாசித்தாள். நடுவில் ஒரு விரல் தப்பியது. ராஜப்பன் திரையில் அந்த ஒரு சுரத்தை மட்டும் எடுத்து மாற்றினார். பிறகு வேகத்தைக் கூட்டி ஓடவிட்டார்.

சுருதி இம்மியும் அசையவில்லை. மெட்டு மட்டும் பாய்ந்தது. வள்ளித்தாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எட்டு வருஷமாகத் தலைக்குள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த வேகம் வெளியே ஓடியது.

மூசாவின் கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி, இது ஒன் பழைய கை."

"பழைய கை இல்ல அண்ணாச்சி. என் இடது கை" என்றாள் அவள்.

கம்ப்யூட்டர்தான் என்று முடிவானது. எந்தக் கம்ப்யூட்டர் என்பதில் அக்காவும் தம்பியும் திரும்பும் வழியெல்லாம் வாக்குவாதம் செய்தார்கள். தாணு சொன்னது டி.வி.யில் மாட்டுகிற மலிவான ரகம். மெட்ராஸில் பலரிடம் இருக்கிறது, விளையாட்டுகளும் நிறையக் கிடைக்கும்.

"கீபோர்டு வயர அதுல எங்க செருகுவ?" என்று கேட்டாள்.

"அதுக்குத் தனியா ஒரு சின்னப் பெட்டி மாட்டணும்க்கா."

"அந்தப் பெட்டி கெட்டுப்போனா தென்காசியில யாருட்டப் போயி நிப்பேன்? நீ அங்கன இருப்ப. ராஜப்பன் சார் வச்சிருக்கதுல வயரு நேரா மெஷின்லயே ஏறுது. சந்தேகம்னா அவியகிட்டக் கேட்டுக்கிடுவேன். எனக்கு விளையாட்டு வேண்டாம்ல. அந்த ரகத்தையே கொண்டா."

பொங்கலுக்கு அதுதான் வந்தது. கூடவே ஒரு கீபோர்டும், டிரம்ஸ், பேஸ், குழல் என்று பல குரலும் கொடுக்கிற கறுப்புப் பெட்டியும் வந்தன. தாணு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினான். அவன் போன மறுநாளே, பாதி மெட்டில் கரண்டு போய் அத்தனையும் அழிந்தது. வள்ளித்தாய் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். அதன்பின் நாலு வரி வாசித்தால் உடனே பிளாப்பித் தட்டில் ஏற்றிச் சேமித்துவிடுவாள். கரண்டு ஏறி இறங்கி மெஷின் கெட்டுப்போகாமலிருக்கப் பரமசிவன் ஸ்டெபிலைசரும் வாங்கி மாட்டினான். முதல் பாட்டு முழுசாக உருவாக மூன்று மாதம் பிடித்தது. அடுத்தடுத்தவை சீக்கிரம் வந்தன.

எண்பத்தொன்பதில் மூசாவின் டிரம்ஸ்காரரும் பேஸ் கிடார்காரரும் துபாய்க்குப் போய்விட்டார்கள். இலஞ்சியில் ஒப்புக்கொண்ட கொடைக் கச்சேரி நெருங்கியது. மூசா கடைக்கு வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள், "மேடையில எனக்கு ஒரு மேச போடச் சொல்லுங்க" என்றாள் வள்ளித்தாய்.

மேடையில் நாலே பேரையும் டி.வி. மாதிரி ஒரு கம்ப்யூட்டரையும் பார்த்ததும் விழாக் கமிட்டி நல்லதம்பிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என்னவே மூசா, ஆளக் கொறச்சி ஏமாத்துதீரா? டேப்பப் போட்டு வாயசைக்கப் போறியளா?"

"ஒரு பாட்டு கேளுங்க அண்ணாச்சி. பிடிக்கலன்னா எறங்கிப் போயிருதோம்" என்று வள்ளித்தாயே பதில் சொன்னாள்.

அவள் சொந்த மெட்டைத்தான் முதலில் எடுத்தாள். டிரம்ஸ் அதிர்ந்தது, பேஸ் உறுமியது, குழல் சுழன்று ஏறியது. அதன் மேல் மூசா கிடாரை மீட்டினார். வள்ளித்தாயின் இடது கை கீபோர்டில் கூடவே ஓடியது. தென்னந்தோப்பு வரை நின்ற கூட்டம் அசையவில்லை. முடிந்ததும் விசில் காதைப் பிளந்தது.

மூசா மைக்கைப் பிடித்தார். "டிரம்ஸ், வள்ளித்தாய்! பேஸ் கிடார், வள்ளித்தாய்! புல்லாங்குழல், வள்ளித்தாய்! கீபோர்டு..." அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டமே அவள் பெயரைக் கத்தியது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற பரமசிவன், கையில் வயர் இருப்பதை மறந்து கைதட்டப் போய் அதைக் கீழே போட்டான். வள்ளித்தாய் எழுந்து நின்று, மடங்கிய வலது கையையும் சேர்த்தே கூப்பிக் கும்பிட்டாள். நல்லதம்பி மேடையேறி வந்து, "அடுத்த வருசமும் நீங்கதாம்மா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மைக்கிலேயே சொன்னார்.

அதற்குப் பிறகு குழுவின் பெயர்ப்பலகையை மூசா புதிதாக எழுதச் சொன்னார். குழுவின் பெயருக்குக் கீழே, 'இசை: வள்ளித்தாய்' என்று பெயிண்டர் எழுதி முடித்திருந்தார். அவள் பலகையைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள்.

"எழுத்து சிறுசா இருக்கு. பஸ்ல போறவியளுக்குத் தெரியாது" என்றாள்.

பெயிண்டர் மூசாவைப் பார்த்தார். மூசா தலையாட்டினார். பெயர் பெரிதாக எழுதப்பட்டது.