இருபத்தெட்டாவது பெயர்

திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் முத்துக்கிருஷ்ணன் வரி ஆலோசகர். ஊருக்கு அவர் ஆடிட்டர். ஃபீஸ் கேட்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அவர் யோசனையால் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சமோ, அதில் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் இல்லையென்றால் ஃபீஸும் இல்லை. இதற்காகவே சாத்தூரிலிருந்தும் ஆள் வந்தது.

சங்கரபாண்டியனின் பட்டாசு கம்பெனியை அவர்தான் அப்பா, மனைவி, மகன் பெயரில் மூன்றாகப் பிரித்தார். வருமான வரி குறைந்தது. ஒவ்வொன்றிலும் ஒன்பது பேர். பத்துக்குக் கீழே என்பதால் தொழிலாளர் காப்பீடும் கட்ட வேண்டாம். ஆனால் வேலை பார்த்தவர்கள் இருபத்தெட்டு பேர். மிஞ்சிய பஞ்சம்மாளை எந்தப் பதிவேட்டிலும் சேர்க்கவில்லை.

பங்குனியில் கம்பெனியின் வெடிமருந்து அறை வெடித்தது. இறந்தது அவள் மட்டும்.

அதற்குப் பிறகு எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஆடிட்டரின் கண் ஒன்பதாவது வரிக்குக் கீழே போய் நின்றது. வெற்று வரியில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

சித்திரையில் சங்கரபாண்டியன் போன் செய்தார். "பஞ்சம்மா மக அங்கன வந்தா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க. இந்த சீசன்ல இன்னும் ரெண்டு கம்பெனி பிரிக்கணும். பத்துல ரெண்டாவே வாங்கிக்கோங்க."

மறுநாளே பஞ்சம்மாளின் மகள் அழகுமீனா வந்தாள்.

"அம்மா அங்கன வேலையே பாக்கலைன்னு மொதலாளி சொல்லுதாக சார். பதினோரு வருசம் பாத்தா. ஒரு தாளாவது கொண்டான்னு லேபர் ஆபீஸ்ல கேக்காக. இல்லைன்னா இழப்பீடு கெடையாதாம்."

ஆடிட்டர் எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஃபீஸ் கணக்கிட, காப்பீடு கட்டாததில் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று ஆள் வாரியாக அவர் போட்ட தாள் அது. இருபத்தெட்டு பெயர்கள், அடியில் சங்கரபாண்டியனின் கையெழுத்து.

அழகுமீனா கடைசிப் பெயரில் விரல் வைத்தாள். பஞ்சம்மாள். மிச்சம் 3,744.

"பக்கத்துல முந்நூத்தி எழுபத்திநாலுன்னு இருக்கே, அது என்ன சார்?"

"என் ஃபீஸ்மா."

அவள் விரலை எடுத்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

இப்போது அவர் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான் கேட்கிறார். சங்கரபாண்டியன் வருவதில்லை, அவரைச் சேர்ந்தவர்களும் வருவதில்லை. வருகிற சிலரிடம் முதலில், "மொத்தம் எத்தனை பேரு?" என்பார். சொன்னதும் எழுதிக்கொள்வார். சற்றுப் பொறுத்து, பேனாவை மூடாமலே கேட்பார்:

"அதுக்கு மேல யாரும் இருக்காகளா?"